மூன்று ஸ்டாம்ப் விற்ற பையன்

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கோப்பை, காசநோய் ஸ்டாம்ப் விற்றதற்காகக் கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ரயில்வே காலனிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வருடந்தோறும் காந்தி பிறந்த நாளையொட்டி ஸ்டாம்ப் தாள்கள் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புச் சிலுவை. தபாலுக்குச் செல்லாது, கடித உறையில் அழகுக்கு ஒட்டிக்கொள்ளலாம். விற்ற பணம் காசநோயாளிகளுக்குப் போகும் என்று தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் சொன்னார். அதிகம் விற்பவருக்குக் கோப்பை என்றும் சொன்னார். எங்கள் காதில் விழுந்தது இரண்டாவது வாக்கியம்தான்.

அப்பா கூட்ஸ் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. பருப்பும் வெங்காயமும் ஏற்றி அனுப்ப வேகன் கிடைக்காமல் வியாபாரிகள் அவர் மேஜை முன்னால் தவம் கிடந்த காலம். ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்டாம்ப் தாள்களோடு அங்கே போய் நின்றேன். ஸேட்ஜிகள் என் கன்னத்தைத் தட்டி, படிப்பு எப்படி என்று விசாரித்து, தாள் தாளாக வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அப்பா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

என் பெஞ்சில் ஒரு பாயின்ட்ஸ்மேனின் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் விற்றது மூன்று ஸ்டாம்ப். மீதித் தாளை மடிப்பு விழாமல் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தான். சில்லறையை எண்ணி வைத்தான். “ஊர் சுத்தத் தெரியுது, நாலு பேருகிட்ட கேட்கத் தெரியலையா?” என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவன் அப்பா காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த ஸ்டாம்ப் எதற்காக என்பது எங்கள் வகுப்பில் உண்மையிலேயே தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நல்ல காரியத்துக்கு நிதி திரட்டிய சிறுவர்கள் விருது வாங்கும் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த கூட்ஸ் ஆபீஸ் நினைவுக்கு வருகிறது. சீருடையில் ஒரு சிறுமி, கையில் கேடயம், பக்கத்தில் அமைச்சரோ கலெக்டரோ, கீழே தவறாமல் ஒரு தொகை. அந்தத் தொகை யாரை அளக்கிறது? குழந்தையின் மனதையா, அதன் அப்பாவின் மேஜையையா?

இப்படிச் சந்தேகப்படுவது சுலபம். அதனாலேயே, என் சந்தேகத்துக்கு மசியாத ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். அதுவும் மத்தியப் பிரதேசத்தில்தான் நடந்தது.

1999. கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தூரில் பலக் முச்சால் என்ற ஏழு வயதுச் சிறுமி கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பாட்டுப் பாடினாள். உயிரிழந்த ஜவான்களின் குடும்பங்களுக்காகப் பணம் கேட்டாள். ஒரு வாரத்தில் சேர்ந்தது சுமார் 25,000 ரூபாய். அப்பா ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். வேகனுக்காக அவர் முன்னால் காத்திருக்க யாரும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஒரிசாவைப் பெரும்புயல் தாக்கியது. அதற்காகவும் பாடினாள்.

அப்போதுதான் இந்தூரிலேயே ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் மாணவன் ஒருவனுக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு, ஆபரேஷனுக்குப் பெற்றோரிடம் வழியில்லை, பாப்பா பாடுவாளா என்று கேட்டார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு தள்ளுவண்டியை மேடையாக்கி, அதன் மேல் நின்று பலக் பாடினாள். தொடர்ந்து நடந்த நிகழ்ச்சிகளில் 51,000 ரூபாய் சேர்ந்தது. செய்தி பரவி பெங்களூரை எட்டியது. இருதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டி அந்தப் பையனுக்கு இலவசமாகவே ஆபரேஷன் செய்துவிடுவதாகச் சொன்னார்.

சாதாரணமாக இத்தகைய கதைகள் இங்கே முடிந்துவிடும். பையன் பிழைத்தான், சிறுமிக்குப் பாராட்டு விழா, சால்வை, புகைப்படம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருந்தது. பணம் கையிலேயே இருந்தது. யாருக்காகக் கேட்டார்களோ அவனுக்கு அது தேவைப்படவில்லை. முச்சால் குடும்பம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. இருதய ஆபரேஷனுக்குப் பணமில்லாத குழந்தைகள் வேறு யாராவது இருக்கிறார்களா?

33 குழந்தைகளின் பெற்றோர் வந்து நின்றார்கள்.

இந்த இடம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு பையனுக்காகப் பாடியபோது அது ஒரு நெகிழ்ச்சியான கதை. 33 பேர் வந்து நின்றபோது அது ஒரு வரிசை. அந்த வரிசை விளம்பரத்துக்கு முன்பும் அதே ஊரில்தான் இருந்தது. ஒரு கணக்கரின் வீடு தேடி வரும் வரை அது யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஆண்டு மேலும் பல நிகழ்ச்சிகள் நடத்திச் சுமார் இரண்டே கால் லட்சம் ரூபாய் திரட்டினார்கள். அதில் சில குழந்தைகளுக்குத்தான் ஆபரேஷன் செய்ய முடிந்தது. இந்தூரின் சோய்த்ராம் மருத்துவமனை 80,000 ரூபாய் கட்டணத்தை 40,000 ஆகக் குறைத்துக்கொண்டது. தம்பி பலாஷும் மேடையேறினான். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் நினைவாகவும் பலக் ஒரு பொம்மை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏழெட்டு வயதுப் பெண் கணக்கு வைத்துக்கொள்ள இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

விருதுகள் வராமல் இருக்குமா? வந்தன. பள்ளிப் பாடப் புத்தகங்களில் அவள் கதை ஏறியது. பிறகு பலக் வளர்ந்து பம்பாய் சினிமாவில் பின்னணிப் பாடகியானார். 2013இல் வெளிவந்த ‘ஆஷிக்கி 2’ படத்தின் பாட்டைக் கேட்டவர்களில் பலருக்கு அந்தக் குரல் தள்ளுவண்டியிலிருந்து வந்தது தெரிந்திருக்காது. மேடைக் கச்சேரிகளின் வருமானம் இருதய ஆபரேஷன்களுக்குப் போவது நிற்கவில்லை. 2024 ஜூனில், ஆபரேஷன் செய்யப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 3,000 ஆனதாக அவர் அறிவித்தார்.

ஒரு ஏழு வயதுக் குழந்தை இதையெல்லாம் தானாகவா செய்தது, பெற்றோரின் ஆசை இதில் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மேடைக்கு ஆசைப்படும் பெற்றோரையும், அவர்களின் ஆசையைத் தோளில் சுமக்கும் குழந்தைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் வெறும் புகழாசை, முதல் பாராட்டு விழாவோடு திருப்தி அடைந்திருக்கும். இன்னும் யாருக்குத் தேவை என்று காசு கொடுத்து விளம்பரம் போட்டுத் தேடாது. விளம்பரத்துக்குப் பதிலாக வந்தது 33 குடும்பங்களின் பொறுப்பு.

இந்த விஷயத்தில் சர்க்காரின் நிலை சற்று விசித்திரமானது. அசாதாரண சாதனை படைக்கும் குழந்தைகளுக்கான தேசிய விருதை மத்திய அரசு 1996இல் ஏற்படுத்தியது. அதன் இன்றைய வடிவம் பிரதமரின் ராஷ்ட்ரிய பால் புரஸ்கார். வீரம், விளையாட்டு, கலை ஆகியவற்றோடு சமூக சேவையும் அதில் ஒரு பிரிவு. நல்லது. ஆனால் ஒரு சிறுமி தள்ளுவண்டியில் நின்று பாடித்தான் இன்னொரு குழந்தையின் இருதயத்தைச் சரி செய்ய வேண்டும் என்ற நிலையில் ஒரு நாடு இருந்தால், விருது கொடுக்கும் கை கொஞ்சம் கூச வேண்டாமா?

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்து பேருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது என்பது உலக அளவிலான மதிப்பீடு. இந்தியாவின் ஜனத்தொகைக்கு இது ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். எத்தனை தள்ளுவண்டிகள் போதும்? எத்தனை குயில் குரல்கள் வேண்டும்?

சர்க்கார் மெதுவாக விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ, 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று மாநிலங்கள் ஏழைகளின் பெரிய ஆபரேஷன்களுக்குப் பணம் கட்டத் தொடங்கின. 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதித்துக் குறைகளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. பிறவி இருதய நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. கேரளம் 2017இல் ‘ஹிருதயம்’ என்று இதற்கெனவே ஒரு திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆயுஷ்மான் பாரத். இத்தனைக்குப் பிறகும் முச்சால் வீட்டில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. ஆனாலும் 2000ஆம் ஆண்டில் ஒரு சிறுமி பாடிக் கட்டிய செலவை இன்று பல இடங்களில் அரசாங்கம் கட்டுகிறது. அவளுக்குக் கிடைத்த கேடயங்கள் எல்லாவற்றையும்விட இது பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே எங்கள் ஸ்டாம்ப் தாள் செல்போனுக்குள் போய்விட்டது. இணையத்தில் நிதி திரட்டும் நிறுவனங்கள் வந்துவிட்டன. பெருநகரப் பள்ளிகளில் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா, சிங்கப்பூரிலிருந்து அத்தை, அப்பாவோடு வியாபாரம் செய்பவர்கள். ஒரே இரவில் லட்சங்கள். சான்றிதழ் வருகிறது. வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கென்று ஓர் இடமும் காத்திருக்கிறது. அந்தப் பணம் யாரோ ஒரு நோயாளியைப் போய்ச் சேருகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் விற்ற ஸ்டாம்பின் காசும் எங்கோ ஒருவருக்கு மருந்தாகியிருக்கும். பணத்துக்குக் குற்றம் இல்லை. ஆனால் அதே வகுப்பில் உறவினர் யாரும் வெளிநாட்டில் இல்லாத ஒரு பெண், தன் குடியிருப்பில் பத்து வீட்டுக் கதவைத் தட்டி 400 ரூபாய் கொண்டுவந்தால், அவளுக்கு என்ன கிடைக்கிறது?

அறிமுகமில்லாதவரிடம் போய்க் கேட்பது லேசான காரியம் அல்ல. கதவைத் தட்டிவிட்டு நிற்கும் அந்தச் சில நொடிகள், உள்ளேயிருந்து வரும் “யாரு?” என்ற குரல், “இப்ப இல்லம்மா” என்ற பதில். தனக்காகக் கேட்டால் பிச்சை, பிறருக்காகக் கேட்டால் சேவை என்று நாம் வகைப்படுத்தினாலும், கேட்கும் முகத்தில் ஏறும் கூச்சம் ஒன்றுதான். ஏழு வயதில் கடை வாசலில் நின்று பாடியவளுக்கு அது தெரியும். சுட்டி அனுப்புகிறவருக்கு அது தேவைப்படுவதில்லை.

விருதுக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களிடம் எனக்கு ஒரு சின்ன விண்ணப்பம் உண்டு. தொகையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரிடமெல்லாம் போய்க் கேட்டாய்? வந்த பணத்துக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறாய்? யாருக்காகக் கேட்டாயோ அவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? இந்தூர்ச் சிறுமியிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது. கடைகள், பொம்மைகள், 33 பெயர்கள்.

என்னிடம் கேட்டிருந்தால் மூன்றாவது கேள்வியில் திணறியிருப்பேன். முதல் கேள்விக்கு அப்பாவின் ஆபீஸ் என்று சொல்லியிருக்க வேண்டும்.

என் பெஞ்சுக்காரன் எட்டாம் வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அவன் எத்தனை கதவைத் தட்டினான், எத்தனை பேர் இல்லை என்றார்கள், அந்த மூன்று ஸ்டாம்பையும் வாங்கியவர்கள் யார் யார் என்று ஆசிரியர் அவனைக் கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.