விடியுமுன் உத்திரமேரூர்

நம் வாசகிகளில் பலர் இப்போது டிரைவருக்காகக் காத்திருப்பதில்லை. தாங்களே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகாபலிபுரம், இல்லாவிட்டால் காஞ்சிபுரம். இரண்டும் அலுத்துப் போனவர்கள், "பக்கத்தில் வேறு ரம்மியமான இடம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள பூந்தோட்டக் கிராமங்கள். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டர் தூரம். ஆனால் ஒரு நிபந்தனை. பலகாரம் சாப்பிட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டி, சாவகாசமாகப் பத்து மணிக்குப் போய்ச் சேருவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

பத்து மணிக்கு மல்லிகைத் தோட்டத்தில் என்ன இருக்கும்? பச்சைப் புதர்கள் வரிசை வரிசையாக நிற்கும். பேருக்கு ஒரு பூ இராது. "இதற்கா இவ்வளவு தூரம்!" என்று பக்கத்து ஆசனத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். (யாருடைய குரல் என்று சொல்ல வேண்டியதில்லை.) சினிமாவில் பார்த்த பூந்தோட்டம் வேறு, விற்பதற்காக வளர்க்கும் பூந்தோட்டம் வேறு. மலர்ந்துவிட்ட மல்லிகையைச் சந்தையில் சீந்துவார் இல்லை. விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால்தான், பகலெல்லாம் மூட்டையிலும் கூடையிலும் பிரயாணம் செய்து, சாயங்காலம் நம் கூந்தலில் வந்து விரியும். ஆகவே, நன்றாக நடக்கிற மல்லிகைத் தோட்டத்தில் பகலில் பூவைப் பார்க்க முடியாது.

காலை ஒன்பது மணிக்கு ஒரு தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தால், போட்டோ எடுப்பதற்கு முன் சற்று யோசியுங்கள். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டக்காரர் கைவிட்ட மொட்டுகளாக அவை இருக்கலாம்.

2020-ஆம் வருஷத்துக் கோடை அப்படித்தான் வந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு. கோயில் கதவுகள் சாத்தப்பட்டன. கல்யாணங்கள் வீட்டுக் கூடத்தோடு முடிந்தன. மே 5-ந் தேதி கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். மல்லிகைக்கோ அதுதான் பருவம். மனிதர்களுக்கு ஊரடங்கு என்பது செடிக்குத் தெரியுமா? தமிழ்நாட்டில் எத்தனையோ தோட்டங்களில் பூ மலர்ந்து, செடியிலேயே வாடி உதிர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு அதைவிட அழகான காட்சி கிடைத்திராது; பார்க்கத்தான் யாரும் வெளியே வர முடியவில்லை.

சரி, எப்படிப் போவது? தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் திருச்சி நெடுஞ்சாலையில் நேராகப் போய், படாளம் தாண்டியதும் புக்கத்துறைக் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னிரவு மூன்று, மூன்றரை மணிக்குப் புறப்பட்டால் ஐந்தரைக்கு அங்கே இருக்கலாம். அந்நேரத்தில் தனியாகப் போகாமல் இரண்டு குடும்பங்களாக, இரண்டு கார்களில் போவது நல்லது. நெடுஞ்சாலையின் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குக் கிராமத்துச் சாலை முதலில் கும்மிருட்டாக இருக்கும். வளைவுகளில் நிதானம் வேண்டும். மாடுகள் தார் ரோட்டின் சூட்டில் படுத்திருக்கும்.

அந்த இருட்டில், வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சங்கள் நகர்ந்துகொண்டிருந்தால் காரை ஓரமாக நிறுத்துங்கள். மின்மினிகள் அல்ல. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப் பறிக்கிற பெண்கள். இடுப்பில் சேலையை மடியாகக் கட்டியிருப்பார்கள். இரண்டு கையும் இரண்டு கிளையில் வேலை செய்யும். இன்று மாலை மலரப்போகும் மொட்டு எது, நாளைக்கு விட்டுவைக்க வேண்டியது எது என்பதை விரலே தீர்மானிக்கிறது. கண்ணுக்கு அதில் பாதி வேலைதான். நாம் கையை வைத்தால் பத்து நிமிஷத்தில் பத்து மொட்டுப் பறிப்போம், அதில் நாலு நாளைய மொட்டாக இருக்கும்.

எடைக்குக் கூலி பேசுகிற தோட்டங்களில் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்குக் காசு. பேச்சுக் கொடுத்து நிறுத்தாதீர்கள். வேலை முடிந்து எடை போட்ட பிறகு பேசினால் அவர்களே நம்மை விசாரிப்பார்கள்: "எந்த ஊரும்மா? எத்தனை பிள்ளைங்க? வண்டி நீங்களேவா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" கடைசிக் கேள்வியில்தான் அவர்களுக்கு மிகுந்த ருசி. படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். வரப்பு பனியில் நனைந்து வழுக்கும். நல்ல செருப்பு அவசியம்.

பொழுது புலர்ந்ததும் மூட்டைகள் இரு சக்கர வண்டிகளில் பறக்கும். காஞ்சிபுரத்துப் பூக்கடைச் சத்திரத்துக்குப் போவது ஒரு பங்கு, கோயம்பேட்டுக்கு ஒரு பங்கு. 1996-க்கு முன்னால் சென்னையின் பூ மண்டி பாரிமுனை பத்ரியன் தெருவில் இருந்தது. அந்த வட்டாரத்துக்கு இன்னமும் 'பூக்கடை' என்றுதான் பெயர்.

விலை விஷயம் பெரிய வேடிக்கை. கார்த்திகை, மார்கழியில் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்து விடுகிறார்கள். குளிரும் பனியும் வேறு. அதனால் பொங்கல் சமயத்திலும் தை முகூர்த்தங்களிலும் ஊரெல்லாம் மல்லிகை கேட்கும்போது தோட்டத்தில் பூ இராது. கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்களும் உண்டு. மாசிக்குமேல் புதுத் துளிரில் மொட்டு வைத்து, சித்திரை வைகாசியில் குவியும்போது, முகூர்த்தம் இல்லாத நாளில் விலை தரையில் விழுந்துவிடும். பறிக்காமல் ஒரு நாள் தள்ளிப் போடலாம் என்றால், மொட்டு காத்திருக்காது. சந்தைக்குப் போனால் கேட்ட விலைக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கனகாம்பரம் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் நிம்மதி: அதற்கு மணம் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் வாடாமல் நிற்கிற குணம் உண்டு. ஆனால் முழம் இத்தனை என்று வாசலில் வாங்குகிற நமக்கு மல்லிகை விழுந்த விலையின் லாபம் எப்போதாவது வந்திருக்கிறதா? ஏறினால் மட்டும் அன்றைக்கே வந்துவிடுகிறது.

எட்டு மணிக்குள் தோட்டம் முடிந்துவிடும். அப்புறம் ஊருக்குள் வாருங்கள். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்களிலும் பெருமாளைச் சேவிக்கலாம். ஆனால் அவசியம் பார்க்க வேண்டியது வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் படித்ததுதான். இந்தப் பயணத்துக்குப் பொருத்தமாக அதில் ஒரு செய்தி இருக்கிறது: ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர்! தோட்டத்துக்கு அவ்வளவு மரியாதை. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்பதும் சுவரில் இருக்கிறது. பெண்கள் பெயரில் ஓலை கிடையாது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-ல்தான் வந்தது.

ஊரை ஒட்டியிருக்கும் பெரிய ஏரி பல்லவர் காலத்தது. வயிரமேக தடாகம் என்பது பழைய பெயர். ஏரி நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஊறும். ஆனால் மல்லிகைக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மேட்டு நிலம், கிணற்றுப் பாசனம், இரண்டும் சேர்ந்தால்தான் சரிப்படும்.

திரும்பும்போது சாலவாக்கம், திருமுக்கூடல் வழியாகப் பாலாற்றைக் கடந்து செங்கல்பட்டுக்கு வரலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் நடந்த 15 படுக்கை ஆஸ்பத்திரியின் கல்வெட்டு இருக்கிறது. வைத்தியர் முதல், நோயாளிகளைக் கவனித்த பெண்கள் வரை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வழியில் கல் குவாரி லாரிகள் அதிகம். ரோடும் சில இடங்களில் எலும்பை எண்ணும். வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள்.

தோட்டத்திலேயே கால் கிலோ மொட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய விலையைக் கொடுத்துவிடுங்கள்; பேரம் வேண்டாம். வாழையிலையில் சுற்றி, அதன்மேல் ஈரத் துணியைச் சுற்றி, கால் வைக்கும் இடத்தில் நிழலாக வையுங்கள். பின் கண்ணாடி ஓரத்தில் வைத்தால் செங்கல்பட்டுக்குள் வெந்துவிடும். வீட்டுக்கு வந்து பகல் தூக்கம் போட்டு எழுந்து தொடுக்க உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஐந்து மணிக்குமேல் விட்டால் மொட்டு அவிழ ஆரம்பித்துவிடும், நார் பிடிக்காது.