கடைசிப் பந்து யாருக்கு?

2018 அக்டோபரில் ஜப்பானில் பெண்கள் வாலிபால் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அரையிறுதியில் ஒலிம்பிக் சாம்பியனான சீனாவை இத்தாலி ஐந்து செட்களில் வீழ்த்தியது. அந்த ஒரே ஆட்டத்தில் 19 வயதுப் பெண் ஒருவர் 45 புள்ளிகள் எடுத்தார். பெயர் பாவ்லா எகோனு. இறுதி ஆட்டத்தில் செர்பியாவிடம் அதே ஐந்து செட்களில் இத்தாலி தோற்றது. அப்போதும் 33 புள்ளிகள் எடுத்திருந்தார் எகோனு.

இந்த எண்களின் கனம் புரிய அவர் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் 'ஆப்போசிட்' என்பதை நம் ஆட்டக்காரர்கள் 'யுனிவர்சல்' என்பார்கள். எதிரணியின் சர்வீஸை வாங்கும் வேலை அவருக்கு இல்லை, அடிப்பதுதான் வேலை. முதல் பாஸ் சிதறி, செட்டர் ஓடிப்போய் எப்படியோ தூக்கிவிட்ட பந்து கடைசியில் வந்து சேருவது அவரிடம்தான். வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு, சில சமயம் மூன்று ஜோடிக் கைகள் அவருக்காகவே காத்திருக்கும். அடித்தால் ஒரு புள்ளி. வெளியே போனால்? பாஸ் கொடுத்தவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது யுனிவர்சலின் முகம்தான்.

எகோனு விஷயத்தில் அந்த முகத்தின் நிறமும் சேர்ந்துகொண்டது.

வட இத்தாலியில் பதுவா நகருக்கு அருகே சிட்டாடெல்லாவில் 1998இல் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியர்கள். இத்தாலியில் பிறந்தாலே குடியுரிமை கிடைத்துவிடாது. ரத்த உறவைத்தான் சட்டம் பார்க்கிறது. வெளிநாட்டவரின் குழந்தை 18 வயது வரை அங்கேயே தொடர்ந்து வசித்து, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். தந்தைக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்ததால் 14 வயதில் எகோனுவுக்கும் குடியுரிமை வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் வீட்டை விட்டு மிலான் போய், இளம் வீராங்கனைகளுக்காக வாலிபால் சம்மேளனம் நடத்தும் கிளப் இத்தாலியாவில் சேர்ந்தார்.

அதன் பிறகு ஏறுமுகம். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 2019இல் நொவாராவுக்காகவும், 2021இல் கொனெல்யானோவுக்காகவும், 2023இல் இஸ்தான்புல்லின் வாக்கிஃப்பாங்க் அணிக்காகவும் வென்றார். 2021 இறுதி ஆட்டத்தில் மட்டும் 40 புள்ளிகள். மூன்று கிளப், மூன்று கோப்பை. பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் முதலாளிகள் இதைவிட என்ன கேட்பார்கள்? டோக்கியோ ஒலிம்பிக் துவக்க விழாவில் ஒலிம்பிக் கொடியை ஏந்திச் சென்றவர்களில் அவரும் ஒருவர். இத்தாலியப் பத்திரிகைகள் கொண்டாடின. சில நாட்களில் காலிறுதியில் செர்பியாவிடம் நேர் செட்களில் தோற்றபோது அதே பத்திரிகைகள் முகம் சுளித்தன.

விரிசல் வெளிப்பட்டது 2022 அக்டோபரில். உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் பிரேசிலிடம் தோல்வி. பிறகு அமெரிக்காவை வென்று வெண்கலம். பதக்கம் வாங்கிய அன்றே, தன் ஏஜென்டிடம் அழுதபடி பேசும் எகோனுவை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். 'நீ ஏன் இத்தாலியன்' என்று கேட்கிறார்களாம். இனி தேசிய அணிக்கு ஆடப்போவதில்லை என்றார். பிரதமர் மரியோ டிராகி தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். நல்ல காரியம். ஆனால் 45 புள்ளிகள் எடுத்த நாளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் சான்ரெமோ இசை விழாவில் ஒரு நாள் தொகுப்பாளராக மேடையேறினார். இத்தாலி இனவெறி உள்ள நாடுதான், ஆனால் திருந்தி வருகிறது என்று அப்போது நிருபர்களிடம் சொன்னார். இதுவே சிலருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு கோடையில் ராணுவ ஜெனரல் ராபர்ட்டோ வன்னாச்சி, எகோனுவின் உருவ லட்சணங்கள் இத்தாலியத்தன்மையைப் பிரதிபலிக்கவில்லை என்று புத்தகமே எழுதினார். அது அமோகமாக விற்றது. மறு ஆண்டு அவர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகிவிட்டார்.

ஆடுகளத்திலும் சோதனை. 2023 ஐரோப்பியப் போட்டியில் பயிற்சியாளர் டாவிடே மஸ்ஸான்டி அவரை பெஞ்சில் உட்காரவைத்து எகடெரினா அன்ட்ரோபோவாவை இறக்கினார். ஐஸ்லாந்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, அந்த ஆண்டுதான் இத்தாலியக் குடியுரிமை பெற்றவர் அன்ட்ரோபோவா. அணி பதக்கமில்லாமல் திரும்பியது, எகோனு ஒதுங்கினார். மஸ்ஸான்டியும் போனார்.

வந்தவர் ஜூலியோ வெலாஸ்கோ. 1990களில் இத்தாலிய ஆண்கள் அணியை உலகின் உச்சிக்குக் கொண்டுபோன அர்ஜென்டினாக்காரர். ஆனால் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம் இறுதி ஆட்டத்தில் கை நழுவியது. அவர் செய்தது எளிய காரியம். எகோனுவா, அன்ட்ரோபோவாவா என்ற பட்டிமன்றத்தை மூடிவிட்டு இருவரையும் வைத்துக்கொண்டார். எகோனு துவங்குவார்; தேவைப்படும்போது அன்ட்ரோபோவா இறங்குவார். எல்லாப் பந்தும் ஒருவர் தலையில் விழ வேண்டியதில்லை என்றானது. என் கணக்கில், டிராகியின் தொலைபேசியைவிட இது பெரிய உதவி.

2024 ஆகஸ்ட் 11, பாரிஸ். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 25-18, 25-20, 25-17 என்று இத்தாலி சுருட்டியது. எகோனுவுக்கு 22 புள்ளிகள். போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. ஆண்களோ பெண்களோ, வாலிபாலில் இத்தாலி பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். ரோமில் இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டி தலைமையகத்துக்கு அருகே லைகா என்ற தெரு ஓவியர் எகோனு பந்தை அடிக்கும் படத்தை வரைந்து 'இத்தாலியத்தன்மை' என்று தலைப்பு வைத்தார். சீக்கிரமே யாரோ பெயின்ட் டப்பாவுடன் வந்து அவர் தோலுக்கு இளஞ்சிவப்பு அடித்துவிட்டுப் போனார்கள். ஜெர்ஸியைத் தொடவில்லை.

2025 ஜூனில் குடியுரிமைச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. விண்ணப்பிக்கும் முன் வெளிநாட்டவர் இத்தாலியில் வசிக்க வேண்டிய காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கலாமா என்பது கேள்வி. பாதிப் பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 7ஆம் தேதி, பாங்காக்கில் துருக்கியை ஐந்து செட்களில் வென்று இத்தாலி உலக சாம்பியன் ஆனது. எகோனு, அன்ட்ரோபோவா, ஐவரிகோஸ்ட் பெற்றோருக்கு பலெர்மோவில் பிறந்த மிரியம் சில்லா என மூவரும் அந்த அணியில் இருந்தார்கள்.