இரு கருவிகள், ஒரு பொறுப்பு

1989-ஆம் ஆண்டு ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வையவிரிவு வலையை முன்மொழிந்தார். தொடக்க நாளில் இணையப் பக்கம் அமைப்போர் குறிமொழியைத் தாமே எழுதினர். 1997-இல் வெளிவந்த டிரீம்வீவர் போன்ற மென்பொருள்களால், கண்ணால் கண்டு பக்கம் அமைக்கும் வழி பரவியது. இன்றோ, அத்தகு மென்பொருளுக்குத் துணையாகச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் வந்துள்ளன. நம் மொழியில் கேட்டால் குறிமொழியை எழுதித் தருகின்றன. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும், மென்பொருள் தோற்றத்தைக் காட்டும். உதவியாளர் விடையைத் தரும். தோற்றத்தின் பின்னுள்ள குறையைக் காண்பவர் யார்? பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியே பக்கத்தைக் கேட்கின்றனர். படத்திற்கு மாற்றுரை இல்லையேல், அதன் பொருள் அவர்களை எட்டாது. தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் எனக் குறிக்கப்பட்டிருப்பின், ஒலிப்புச் சிதையக்கூடும். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தலைப்பென்று குறித்தல் வேண்டும். பக்கம் அழகாகத் தோன்றுவதால் இக்குறைகள் கண்ணுக்குப் புலப்படா.

மாற்றுரையையும் உதவியாளரே எழுதித் தரும் என்பர். உண்மையே. எனினும், மேடையில் பரிசு பெறுபவர் யார், எதற்காகப் பெறுகிறார் என்பதை விழாவை அறிந்தவரன்றோ சொல்ல இயலும்? தவறான விவரத்தையும் உதவியாளர் தயக்கமின்றி எழுதிவிடக்கூடும்.

எனவே, மாணவச் செல்வங்களே! இரு கருவிகளையும் தயங்காது பயன்படுத்துங்கள். பக்கத்தை வெளியிடுமுன் ஒருமுறை கண்களை மூடித் திரைவாசிப்பானில் கேளுங்கள். பிழையைத் திருத்தும் கடமை கருவிக்குரியதன்று, நமக்குரியது.