துணி காயப்போட நாற்பதாயிரம் ரூபாய் எதற்கு?

எந்த ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலும் சரி, தேடினால் ஒரு வீட்டிலாவது அந்த இயந்திரம் நிற்கும். இரும்புச் சட்டம், கேபிள், அடுக்கிய எடைக் கட்டிகள், சாய்வு இருக்கை. அதன் மேல் ஒரு ஈரத் துண்டு, இரண்டு லுங்கி, பிள்ளையின் பள்ளிச் சீருடை. வாங்கும்போது அதற்குப் பெயர் 'ஹோம் ஜிம்'. ஆறு மாதம் கழித்துப் பெயர் கொடிக்கம்பி!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த இயந்திரம் மூலையில் முடங்கியதும் வாங்கியவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: "உடற்பயிற்சியெல்லாம் நமக்கு ஒத்துவராது." இது இயந்திரத்தின் விலையைவிடப் பெரிய நஷ்டம். தோற்றது அந்த மனிதரின் மன உறுதி அல்ல; அவருக்கு விற்கப்பட்ட யோசனை. சின்ன வீட்டுக்குத் தேவை 'சின்ன ஜிம்' என்ற யோசனையே தப்பு. சின்ன வீட்டுக்குத் தேவை, பயிற்சி முடிந்ததும் காணாமல் போகக்கூடிய பொருள்கள்.

பணயம் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு தேவை. நடைப்பயிற்சிக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரியைப் படிப்பதில்லை: வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023ல் மதிப்பிட்டது. இந்த நாட்டில் தசைப்பயிற்சி சினிமா கதாநாயகனின் ஆசை அல்ல; அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆன மருந்து. அதை நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானாக மாற்றி விற்பதுதான் இங்கே குற்றச்சாட்டு.

விலைச்சீட்டில் இல்லாத விலை

மல்ட்டி ஜிம் ஒன்றுக்கு 6 அடிக்கு 4 அடி இடம் என்று வைத்துக்கொண்டாலும், கைகால் நீட்டச் சுற்றிலும் விட வேண்டிய இடத்தைச் சேர்த்தால் 35 சதுர அடி போய்விடும். 500 சதுர அடி வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை என்றால் ஒரு சதுர அடிக்கு மாதம் 30 ரூபாய். அந்த இயந்திரம் நின்றுகொண்டே மாதம் 1,050 ரூபாய், வருஷம் 12,600 ரூபாய் வாடகை தின்கிறது. மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் ஏழைகளுக்கான வீட்டின் அளவே 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 323 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்கை ஓர் இரும்புக் கூட்டுக்குக் கொடுப்பதா? அந்த இடத்தில்தான் பாட்டி படுக்கிறார், பிள்ளை படிக்கிறான். பயிற்சிப் பாய்க்குத் தேவை 6 அடிக்கு 2 அடி. சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் அதுவும் இல்லை.

இடம் மட்டும் பிரச்சனை இல்லை. மடிக்கும் ட்ரெட்மில் வாங்குபவர்கள் வீட்டில் குழந்தை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தனது ட்ரெட் பிளஸ் ஓட்ட இயந்திரங்கள் சுமார் 1,25,000ஐத் திரும்பப் பெற்றது, ஒரு குழந்தை இறந்த பிறகு. தனி அறையும் தாழ்ப்பாளும் உள்ள வீட்டிலேயே எச்சரிக்கை தேவை. ஒரே ஹால் உள்ள வீட்டில்?

"ஆனால் மெஷின் இல்லாமல் முடியுமா?"

முடியும். தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ ஆளுக்கு அது 40 கிலோ! கஷ்டமாக இருந்தால் மேஜை விளிம்பில் கை ஊன்றினால் சுமை குறையும். சுலபமாகிவிட்டால் காலை நாற்காலியில் தூக்கி வைத்தால் கூடும். எடைக் கட்டியில் ஊசியை மாற்றிக் குத்துவதும் இதுவும் ஒன்றுதான்.

கனமான எடை தூக்கினால்தான் தசை வளரும் என்பது அடுத்த வாதம். பிராட் ஷோன்ஃபீல்டும் சகாக்களும் 2017ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இனி முடியாது என்ற எல்லை வரை செய்தால், குறைந்த எடையிலும் அதிக எடையிலும் தசை வளர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றே. உச்சபட்ச பலத்துக்கு மட்டும் கன எடை மேல். ஆகவே 150 கிலோ தூக்கும் போட்டிக்குத் தயாராகிறவர் தாராளமாக வெளியே ஜிம்முக்குப் போகட்டும். மற்றவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இயந்திரம் பாதுகாப்பானது, புதியவருக்கு வழிகாட்டும் என்பது மூன்றாவது வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வீட்டு மாடல்களில் இருக்கையும் கைப்பிடியும் நகரும் அளவு குறைவு. மகனுக்குப் பொருந்துவது ஐந்தடி அம்மாவுக்குப் பொருந்தாது. ஒரு ரப்பர் பேண்ட் இருவருக்கும் பொருந்தும்.

இதெல்லாம் புதுச் சங்கதியும் அல்ல. பனியனில் இன்றும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் யூஜின் சாண்டோ (1867 - 1925) நூறு வருஷத்துக்கு முன்பே ஸ்பிரிங் வைத்த டம்பெல்லைத் தபாலில் விற்றார். தமிழ்நாட்டில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அதற்கும் முந்தியவை. கர்லாக்கட்டை சுற்றத்தான் கொஞ்சம் கூரையும் அகலமும் வேண்டும். தண்டாலுக்கு அதுவும் வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

முதல் மாதம் எதையும் வாங்காமல் இருப்பதே உத்தமம். தண்டால், பஸ்கி, பிளாங்க், படி ஏறுதல். இழுக்கும் பயிற்சிக்குப் புத்தகம் நிரப்பிய முதுகுப் பை. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல். அதைத் தூக்கி ஹாலில் நடப்பது எந்த இயந்திரமும் தராத பயிற்சி. ஒரு மாதம் தாக்குப்பிடித்தவர் மட்டும் கடைக்குப் போகலாம்.

முதலில் நீளமான ரப்பர் பேண்ட் இரண்டு, கதவில் மாட்டும் பட்டையோடு. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் வெடித்துப் போகும். ஒவ்வொரு முறையும் விரிசல் பார்க்க வேண்டும். பட்டையை மாட்டும் கதவு, இழுக்கும்போது இறுக மூடுகிற பக்கமாக இருக்க வேண்டும். திறக்கிற பக்கமாக இருந்தால் முகத்துக்கு ஆபத்து.

அடுத்து எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி. திருகு மரை வைத்தது மலிவு, மாற்ற நேரமாகும், ஒவ்வொரு முறையும் மரையை இறுக்க வேண்டும். டயல் வைத்தது வேகம், விலை அதிகம், கீழே போட்டால் கெடும். விலை உயர்ந்தது என்பதாலேயே பத்திரம் என்று நம்ப வேண்டியதில்லை. தட்டுகள் கழன்று விழுந்ததால் 2025 ஜூனில் போஃப்ளெக்ஸ் 552, 1090 வகை டம்பெல்கள் சுமார் 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டன.

புல்-அப் கம்பி? கதவு நிலையில் முட்டுக் கொடுத்து நிற்கும் வகை, மேலே அகலமான விளிம்பு இல்லாத நிலையில் நிற்காது. இறுக்கிச் செருகும் வகை வழுக்கும். கான்கிரீட் உத்தரத்தில் போல்ட் போட்டு மாட்டுவதே சரி. வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

தளம் தாங்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்தியத் தர விதிப்படி (ஐஎஸ் 875) வீட்டு அறைத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுகிறது. இரண்டு டம்பெல்லால் கட்டிடம் இடியாது. உடைவது டைல்ஸும் கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும்தான். அதற்குக் கெட்டியான ரப்பர் விரிப்பு போதும்.

பயன்படுத்துவதுதான் பயிற்சி

வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, சுமந்து நடப்பது என ஐந்தே அசைவுகள். ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்தலாம். எல்லாச் சுற்றிலும் 12 சுலபமாக வந்தால் சுமையைக் கூட்ட வேண்டும். பாட்டிக்கு? நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதே பஸ்கி. இதய நோயோ அதிக ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

பொருள்களைப் பரணில் ஏற்றக் கூடாது. பரணில் ஏறியது பொங்கலுக்குத்தான் இறங்கும். கண்ணில் படும்படி, எடுத்துத் தொடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி வைக்க வேண்டும்.

2020 ஊரடங்கில் ஜிம்கள் மூடப்பட்டு, மத்திய அரசு ஆகஸ்ட் 5 முதல்தான் மீண்டும் அனுமதித்தது. அந்த மாதங்களில் மொட்டை மாடியில் தண்ணீர் கேனைத் தூக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தவர்கள் பலர். அவர்களிடம் இருந்தது பழக்கம். அதைத் தவணையில் வாங்க முடியாது. ஈஎம்ஐ அட்டையை நீட்டும் விற்பனையாளர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.