சீக்கிரம் வந்த வசந்தத்துக்கு எதற்குக் கைதட்டல்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பங்ஸட்டானி என்று ஒரு சின்ன ஊர். வருடா வருடம் பிப்ரவரி 2-ம் தேதி விடிகாலையில், உயரமான கறுப்புத் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள் சிலர் அங்கே ஒரு பிராணியைத் தூக்கிப் பிடித்து டி.வி. கேமராக்களுக்குக் காட்டுவார்கள். பெயர் ஃபில். அணில் குடும்பத்தைச் சேர்ந்த, நன்றாகத் தின்று கொழுத்த கிரவுண்ட்ஹாக். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வந்துவிடும். 1887-லிருந்து இந்தக் கூத்து நடக்கிறது. வானிலைத் துறையினர் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஃபில் சொன்னது பாதி தடவைகூடப் பலிக்கவில்லை. இதற்குப் பல்லி விழும் பலனே தேவலை :-)

சரி, அது விளையாட்டு, போகட்டும். கோளாறு ஜோசியத்தில் இல்லை. "வசந்தம் சீக்கிரம் வருகிறது" என்று படித்ததும் கூட்டத்தில் கிளம்புகிறதே ஒரு கரகோஷம், அதில்தான் இருக்கிறது. பிப்ரவரியிலேயே மரம் பூத்துவிட்டால் பத்திரிகைகளும் அதே தொனியில்தான் படம் போடுகின்றன. பூங்காவில் ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை, பக்கத்தில் சிரிக்கும் அம்மா. ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

ஐந்து மாதம் வாசலில் பனியை மண்வாரியால் தள்ளி, மாலை நாலரைக்கே இருட்டிப்போகும் ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் வெயிலுக்கு ஆடக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னை மார்கழிக்கே குரங்குக் குல்லா மாட்டுகிறவர்கள் அவர்களுக்குப் புத்தி சொல்வது அழகில்லை. வெயிலில் உட்காரட்டும், பாடட்டும். ஆனால் முன்கூட்டி வந்ததை நல்ல செய்தி என்று விற்பதைத்தான் நிறுத்த வேண்டும். அதற்கு விலை கொடுப்பவர்கள் அந்தப் படத்தில் இருப்பதில்லை.

2012 மார்ச்சில் மிச்சிகனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஏரியின் கரையோரம் முழுக்க ஆப்பிள், செர்ரித் தோட்டங்கள். அவை அங்கே இருப்பதற்கே காரணம் அந்த ஏரிதான். வசந்த காலத்தில் ஜில்லென்று கிடக்கும் ஏரித் தண்ணீர் கரையையும் குளிர வைத்து, மரங்களைச் சற்றுத் தாமதமாக எழுப்பும். அந்தத் தாமதம்தான் தோட்டக்காரரின் முதலீடு. அந்த வருடம் மார்ச் மாதத்திலேயே வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் நின்றது. ஊரே அரைக்கால் சட்டையில் கடற்கரைக்குப் போவதுபோல ஏரிக்கரைக்குப் போனது. மரங்கள் பல வாரங்கள் முன்னதாகவே விழித்துக்கொண்டன.

ஏப்ரல் என்னவோ ஏப்ரலாகவே வந்தது. இரவுகளில் வரிசையாக உறைபனி. தூங்குகிற மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். விரிந்த ஆப்பிள் பூவுக்கோ மைனஸ் 2 டிகிரியிலேயே சேதம் ஆரம்பித்துவிடும், மைனஸ் 4-ல் பெரும்பகுதி காலி. தோட்டக்காரர்கள் பெரிய மின்விசிறிகளைச் சுழலவிட்டு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்கப் பார்த்தார்கள். சிலர் ஹெலிகாப்டரே பறக்கவிட்டார்கள். மாநிலத்தின் ஆப்பிள் விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், குளிரில் செத்த பூ உடனே செத்த மாதிரி தெரியாது. இதழ் வெள்ளையாகவே இருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் நடுவில் கறுத்திருப்பது தெரியும். அறுவடைக் காலத்தில் பழம் பறிக்க வருகிற கூலி ஆட்களுக்கும் அந்த வருடம் அங்கே பறிக்க எதுவும் இல்லை.

"குளிர் குறைந்தால் விவசாயத்துக்கு நாள் கூடுமே" என்று ஒரு வாதம் உண்டு. காகிதத்தில் சரி. பூவைக் கொல்ல மேகமில்லாத ஒரே ஒரு இரவு போதும் என்பதைச் சராசரிக் கணக்கு சொல்லாது.

மனிதனுக்காவது காப்பீடு, கடன் என்று ஏதாவது வழி இருக்கும். ஐரோப்பாவில் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்று ஒரு சிட்டளவுப் பறவை. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க நெதர்லாந்து வரும். எப்போது கிளம்புவது என்பதைப் பெரும்பாலும் பகல் நீளத்தை வைத்து முடிவு செய்கிறது. பகல் நீளம் மாறவில்லை. ஆனால் நெதர்லாந்தில் ஓக் மரம் முன்கூட்டியே துளிர்க்கிறது, துளிரைத் தின்னும் புழுக்களும் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே முடிந்துவிடுகின்றன. பந்தி முடிந்தபிறகு வருகிற விருந்தாளி கதைதான். புழுக்கள் மிகச் சீக்கிரம் முடிந்துவிடும் காடுகளில் இரண்டு பத்தாண்டுகளில் இந்தப் பறவையின் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்தது என்று 2006-ல் நேச்சர் இதழில் ஆய்வுக்கட்டுரை வந்தது. இதற்கும் கைதட்டலாமா?

வசந்தத்தின் அடையாளங்களை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-லேயே ஆரம்பித்தார். முதல் பனித்துளிப்பூ என்றைக்கு, தவளை என்றைக்குக் கத்தியது, தகைவிலான் என்றைக்கு வந்தது, ஓக் என்றைக்குத் துளிர்த்தது என்று தேதி தேதியாகக் குறித்துவைத்தார். அவருக்குப் பின் அவர் வம்சத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். கவிதை இல்லை, வர்ணனை இல்லை, வெறும் தேதிகள். எது எவ்வளவு முந்துகிறது என்று இன்று ஆராய்கிறவர்களுக்கு அந்த நோட்டுப்புத்தகம்தான் உதவுகிறது.

அலாஸ்காவின் நெனானாவில் இதையே பந்தயமாக நடத்துகிறார்கள். உறைந்த டனனா ஆற்றின் மேல் மரச்சட்டங்களால் ஒரு கோபுரம் நட்டு, கரையில் இருக்கும் கடிகாரத்தோடு கம்பியால் இணைப்பார்கள். பனி உடைந்து கோபுரம் நகர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். அந்த நிமிடத்தைச் சரியாகச் சொன்னவருக்குப் பணம். 1917-லிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும் தேதி, மணி, நிமிடம் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, யாரும் கோட்டை விடமாட்டார்கள் :-) அந்தப் பட்டியலில் 2013-ல் மே 20 வரை ஆறு உடையவே இல்லை. ஆகவே ஒரு வருடத்தை வைத்து யாரும் குதிக்க வேண்டாம், எந்தப் பக்கமும். ஆனால் பட்டியல் முழுவதையும் பார்த்தால் தேதிகள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவது தெரியும். 2019-ல் ஏப்ரல் 14-ம் தேதியே உடைந்தது. அதற்கு முன்பிருந்த சாதனையைவிட ஆறு நாள் முன்னால். அலாஸ்காவின் பல கிராமங்களுக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஆறுதான் சாலை. அடுத்த ஊருக்குப் போவதும் வேட்டைக்குப் போவதும் அதன்மேல்தான். எத்தனை நாள் முந்துகிறதோ, அத்தனை நாள் சாலை இல்லை.

நெனானாவில் கடிகாரம் நிற்கும்போது அங்கே நேரலைக்குக் கேமராக்கள் வரிசை கட்டி நிற்பதில்லை. தொப்பிக்காரர்கள் தூக்கிக் காட்ட அங்கே கொழுத்த பிராணி எதுவும் இல்லையே.