காலி ரயில் எங்கே போகிறது?



லண்டன் டூட்டிங்கிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ஏழு வயது மகனோடு லெஸ்டர் ஸ்கொயரில் நார்தர்ன் லைன் ரயில் ஏறியிருக்கிறார். கென்னிங்டன் வந்ததும் 'ஆல் சேஞ்ச்' அறிவிப்பு. எல்லோரும் இறங்கி, பக்கத்துப் பிளாட்பாரத்தில் மார்டன் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள். பையன் மட்டும் காலியான ரயிலை விட்டுக் கண் எடுக்கவில்லையாம்.

"அம்மா, டிரைவர் மாமா பின்னுக்குப் போகேல்லையே. ரெயின் முன்னுக்குத்தானே போகுது? பிறகு என்னெண்டு திரும்பி வரும்?"

'பதினொரு வருஷமா இந்த வழியாலதான் போய் வாறன். ஒருநாளும் இதை யோசிக்கேல்லை' என்று முடித்திருந்தார். நான் மட்டும் யோசித்திருக்கிறேனா என்ன? ரயில் வந்தால் ஏறுவோம், இறங்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவோம். அதற்கப்புறம் அது எங்கே போனால் நமக்கென்ன?

ஆனால் கடிதத்தை மூடி வைக்க முடியவில்லை. தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

கென்னிங்டனில் பூமிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே முகம் திருப்பி நிற்கும் டவுன் பஸ் மாதிரி, காலி ரயில் ஒற்றைத் தண்டவாளச் சுரங்கத்தில் முன்னோக்கியே ஓடி, வடக்கே போகும் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும். டிரைவர் இடம் மாற வேண்டியதில்லை. 1926 செப்டம்பரில், மார்டன் வரை பாதை நீண்ட அதே நாளில் இந்த வளையமும் வேலைக்கு வந்தது. 2021-இல் பேட்டர்சீ பவர் ஸ்டேஷனுக்குப் புதுப் பாதை போட்டபோதும் இந்த வளையத்திலிருந்துதான் கிளை பிரித்தார்கள். சேரிங் க்ராஸ் வழியாக வரும் ரயில்களில் பல இப்போது பேட்டர்சீக்குப் போய்விடுகின்றன. ஆனாலும் வளையம் ஓய்வு பெறவில்லை.

இவ்வளவு வசதி என்றால் எல்லா முனையிலும் வளையம் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு அடியில், சாக்கடைக்கு அடியில், இன்னொரு சுரங்கத்துக்கு அடியில் இவ்வளவு பெரிய வட்டம் தோண்ட யார் காசு கொடுப்பார்கள்? அதனால் பெரும்பாலான முனைகளில் பழைய முறைதான். ரயில் வந்து நிற்கும், கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகும், வந்த வழியே போகும்.

சுலபமாகத் தெரிகிறது அல்லவா? விக்டோரியா லைனின் பிரிக்ஸ்டனுக்குப் போய்ப் பாருங்கள். 2017 முதல் அந்த லைனில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள். அதாவது 100 விநாடிக்கு ஒன்று. பிரிக்ஸ்டனில் இருப்பதோ இரண்டே பிளாட்பாரம். ஒரு ரயில் உள்ளே வந்து, கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறி, வெளியே போய், அடுத்ததற்கு இடம் விட மொத்தம் 200 விநாடி. ரயிலின் நீளம் ஏறக்குறைய 133 மீட்டர். அலுவலகக் கூட்டத்துக்குள் டிரைவர் அந்தக் கோடிக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் பின்னால் வரும் ரயில் சுரங்கத்தில் நின்றுவிடும்.

அதற்கு ஓர் எளிய யோசனை கண்டுபிடித்திருக்கிறார்கள். ரயில் வரும்போதே மறு முனையில் வேறொரு டிரைவர் தயாராக நிற்பார். இவர் இறங்க, அவர் ஏற, ரயில் கிளம்பிவிடும். இறங்கியவர் நிதானமாக நடந்து போய்ப் பின்னால் வரும் ரயில் ஒன்றை எடுத்துக்கொள்வார். 'ஸ்டெப்பிங் பேக்' என்று பெயர். நாள் முழுக்க ஒவ்வொருவரும் தான் கொண்டு வந்த ரயிலை அடுத்தவரிடம் விட்டுவிட்டு, மற்றவர் கொண்டு வந்ததை எடுத்துக்கொண்டு போகிறார். ரயில்வேக்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லையாம். எனக்கு மட்டும் படிக்கும்போது சிரிப்பு வந்தது.

இதே லைனின் மறு முனை வால்தம்ஸ்டோ. அங்கே ரயில் தடம் மாறும் குறுக்குத் தண்டவாளத்தை மாற்றுவதற்காக 2015 ஆகஸ்டில் மூன்று வாரம் செவன் சிஸ்டர்ஸ் வரை ரயிலே கிடையாது. மூன்று வாரம் என்பது நமக்கு ஒரு வரிச் செய்தி. அங்கே இருக்கிற குடும்பங்களுக்கு? முன்கூட்டியே எழுந்து, மாற்று பஸ் பிடித்து, வேலைக்குத் தாமதமாகி... அத்தனையும் ரயில் இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்புவதற்காக! பாதை எவ்வளவு நீளமானாலும், எத்தனை புது ரயில் வாங்கினாலும், கடைசியில் முனையில் எவ்வளவு சீக்கிரம் திருப்ப முடிகிறதோ அத்தனை ரயில்தான் ஓட்ட முடியும்.

இன்னொரு வகைத் திருப்பம் இருக்கிறது. நம் எல்லோருக்கும் எரிச்சல் தருவது அதுதான். காக்ஃபாஸ்டர்ஸ் போக வேண்டிய பிக்கடிலி லைன் ரயில் தாமதமாகிவிட்டால் ஆர்னோஸ் க்ரோவோடு முடித்துவிடுவார்கள். சென்னை பஸ்ஸில் 'கட் சர்வீஸ்' என்போமே, அதேதான். தூங்கும் குழந்தை தோளில், இரண்டு கையிலும் பை, இன்னும் மூன்றே ஸ்டேஷன். யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் அந்த ரயிலைக் கடைசி வரை விட்டால் என்ன ஆகும்? திரும்பி வரும்போதும் அதே தாமதம். எதிர்த் திசையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் சேரும். கூட்டம் ஏற நேரமாகும், தாமதம் இன்னும் கூடும். பாதியில் திருப்பினால், எதிர்ப்பக்கம் காத்திருப்பவருக்கு ரயில் நேரத்துக்கு வந்துவிடும். தனக்காக நூறு பேர் எங்கோ இறங்கினார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இறக்கிவிடப்பட்ட நமக்கு நஷ்டம் கண்ணெதிரே. நேற்றோ முந்தாநாளோ நமக்காக யாரோ இறங்கியிருப்பார்கள், அதை யார் நம்மிடம் வந்து சொல்லப் போகிறார்கள்?

இதற்காக 'பொறுத்துப் போங்கள்' என்று உங்களுக்கு உபதேசம் செய்யப் போவதில்லை. காரணத்தை ஒரு வரியில், புரிகிற பாஷையில் மைக்கில் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். எந்த ஊர் ரயில்வேயாக இருந்தாலும் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ரயில் திருப்பிய தழும்புகளும் லண்டனில் நிறைய. 1908-இல் ஒரு கண்காட்சிக்காக வுட் லேனில் சென்ட்ரல் லைன்காரர்கள் வளையம் போட்டார்கள். அந்த ஸ்டேஷன் போய்விட்டது. ஆனால் வளையம் சுற்றிய திசையின் மிச்சமாக, பக்கத்தில் உள்ள ஒயிட் சிட்டியில் ரயில்கள் இன்றும் வழக்கமான இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் ஓடுகின்றன. சேரிங் க்ராஸில் ஜூபிலி லைன் பிளாட்பாரங்களை 1999-இல் மூடிவிட்டார்கள். பயணிகள் போக முடியாது. ஆனால் தேவைப்பட்டால் காலி ரயில் போய்த் திரும்பி வரும், சினிமாக்காரர்கள் போவார்கள். 'ஸ்கைஃபால்' ஜேம்ஸ் பாண்ட் போய்விட்டு வந்தார்.

சரி, நம் டூட்டிங் பையனுக்கு வருவோம். அவன் உண்மையில் கேட்டது, உள்ளேயே உட்கார்ந்து ஒரு சுற்று வரலாமா என்றுதான் நினைக்கிறேன். கென்னிங்டனில் முடியாது தம்பி, எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். ஆனால் ஊரிலிருந்து அம்மம்மா வந்தால் கூட்டி வர ஹீத்ரோ போவீர்கள் அல்லவா? பிக்கடிலி லைனில் டெர்மினல் 4 வழியாகப் போகும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். அதுவும் வளையம்தான், 1986-இல் திறந்தது. ஹாட்டன் க்ராஸ் தாண்டி டெர்மினல் 4-இல் சில நிமிடம் நிற்கும். பிறகு அப்படியே முன்னோக்கி ஓடி டெர்மினல் 2, 3-க்கு வந்து, லண்டனைப் பார்த்துத் திரும்பியிருக்கும். யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அது ஒருவழிப் பாதை. டெர்மினல் 2, 3-இலிருந்து 4-க்கு அந்த வளையத்தில் பின்னோக்கிப் போக முடியாது. பிக்கடிலி லைனில் என்றால் ஹாட்டன் க்ராஸ் போய் ரயில் மாறித்தான் வர வேண்டும். அம்மம்மாவின் பெட்டியில் ஊறுகாய்ப் போத்தல் எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனவே எந்த டெர்மினல் என்று முதலிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சுற்றி முடித்ததும் பையன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்