காசோட அருமை தெரிய பையனை என் வயலுக்கு அனுப்பாதீங்க

சனிக்கிழமை காலையில சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வண்டியில கீரையும் கத்தரிக்காயும் கொண்டுபோய் விற்கிறது என் வழக்கம். போன வாரம் ஒரு அடுக்குமாடி வீட்டுப் பையன் இறங்கி வந்தான். பத்தாவது படிப்பான். நாலஞ்சு கட்டு எடுத்தான், "எவ்ளோ?"ன்னான். "80 தம்பி"ன்னேன். அம்மாவோட போன்ல ஸ்கேன் பண்ணிட்டுத் திரும்பிட்டான். கட்டு என்ன விலை, கத்தரிக்காய் என்ன விலை, ஒண்ணும் கேட்கலை.

மாடியில இருந்து அவங்க அம்மா சொன்னாங்க: "பாத்தீங்களாண்ணா, காசோட அருமையே தெரியல. லீவுல உங்க ஊருக்கு அனுப்பறேன். ஒரு வாரம் வயல்ல வேலை வாங்குங்க, அப்பதான் புத்தி வரும்."

சிரிச்சிட்டு வந்துட்டேன். படப்பை தாண்டி வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகலை. அங்க சொல்லாததை இங்க சொல்றேன்.

ஒரு வாரம் நாத்து நட்டா இடுப்பு வலிக்கும். சேமிப்பு வராது. பாடுபட்டாலே சேமிப்பு வந்துடும்னா எங்க ஊர்ல நகையை அடகு வைக்காத வீடுதான் அதிகமா இருக்கணும். எங்க ஊர்ப் பசங்களும் போன்லதான் கிடக்குறாங்க. கிராமம் ஒண்ணும் சீர்திருத்தப் பள்ளி இல்லை.

உங்க பையனுக்குக் குறை உழைப்பு இல்லைங்க. அவனுக்குன்னு சொந்தக் காசு இல்லை. அவன் செலவு பண்றது உங்க காசு, உங்க கணக்குல இருந்து போறது. அது தீர்ந்து போய் அவன் பார்த்ததே இல்லை. தன்னோடது இல்லாததை எவன் மிச்சம் பிடிப்பான்?

வருஷா வருஷம் அக்டோபர் 30 சிக்கன நாள்னு பள்ளிக்கூடத்துல பேச்சுப்போட்டி வைக்கிறாங்க. தலைப்பு 'சிறுதுளி பெருவெள்ளம்'. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கினப்போ அங்க இருந்தவங்ககிட்ட பெருவெள்ளத்தைப் பத்திப் பெருமையாப் பேசிப் பாருங்க! போட்டியில சோப்பு டப்பா ஜெயிக்கிற பையன் ஒரு ரூபாய் சேர்த்திருக்கானான்னு யாரும் கேட்கிறதில்லை. முன்னே பள்ளிக்கூடங்கள்ல சஞ்சாயிகான்னு ஒரு திட்டம் இருந்தது. பசங்களே காசு வாங்கி, பசங்களே பாஸ்புக்குல எழுதினாங்க. பேச்சைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

உபதேசம் பண்ற எனக்கும் யோக்கியதை இல்லை. அதையும் சொல்லிடறேன்.

என் பொண்ணுக்கு 13 வயசுல ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுத்தேன். "இது உன்னோடது, வர்ற காசும் உன்னோடது"ன்னேன். ரெண்டு வருஷத்துல குட்டிகளை வித்து 9,000 ரூபாய் சேர்த்தா. டப்பாவுல வச்சு அடிக்கடி எண்ணுவா. அந்தக் கோடையில பம்புசெட் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. அவசரத்துல அந்தக் காசை எடுத்துட்டேன். அடுத்த மாசம் தரேன்னேன். தரலை. ஆறு மாசம் பொறுத்தவ, தாய் ஆட்டையே வித்துப் போன் வாங்கிட்டா. சத்தம் போட்டேன். "வச்சிருந்தா நீ எடுத்துக்குவ இல்லப்பா?"ன்னா.

சேர்த்து வச்சா போயிடும், செலவு பண்ணினாத்தான் நம்மோடதுன்னு அவளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கேன். தீபாவளிக்கு மாமா, தாத்தா கொடுக்கிற 500-ஐ "குடு, பத்திரமா வைக்கிறேன்"னு வாங்கி மளிகைக்குப் போடுறீங்களே, நீங்களும் அதே பாடம்தான் நடத்துறீங்க.

எங்க அம்மா அறுப்பு முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு அளக்கிறதுக்கு முன்னாடி விதைநெல்லை எடுத்து வச்சிடுவாங்க. மிஞ்சினதை வைக்கிறது இல்லை. வீட்ல அரிசி தீர்ந்தாலும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது, அப்பாவும் கூட. நான் மீறினது அந்த விதியைத்தான்.

அதனால பிள்ளைக்கு முதல்ல ஒரு கணக்கு ஆரம்பிங்க. தபால் ஆபீஸ்ல 10 வயசு முடிஞ்ச பிள்ளை தன் பேர்லயே கணக்கு வச்சு நடத்தலாம். வங்கிகளும் 10 வயசுல இருந்து அப்படி அனுமதிக்கலாம்னு 2025 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. தபால் ஆபீஸ் ஆர்.டி. மாசம் 100 ரூபாய்ல இருந்தே உண்டு. மாசம் 500 கட்டினா 5 வருஷத்துல, 6.7 சதவீத வட்டிக்கு 35,000-க்கு மேல வரும்.

அப்புறம் மாசம் ஒரே தேதியில ஒரே தொகை கொடுங்க. ரயில் சீசன் டிக்கெட், ரீசார்ஜ், முடிவெட்டு எல்லாத்தையும் அவன் பொறுப்புல விடுங்க. 20-ஆம் தேதியே தீர்ந்துடுச்சுன்னு வந்து நிப்பான். கொடுக்காதீங்க. கஷ்டமான இடமே இதுதான், பெத்தவங்க தோக்கிறதும் இங்கதான். "ஏமாந்துடுவானே"ன்னா ஏமாறட்டும். 15 வயசுல 500 ரூபாய் ஏமாந்தவன் 25 வயசுல 5 லட்சத்துக்குக் கொஞ்சம் யோசிப்பான்.

அரசுப் பள்ளியில 6-ல இருந்து 12 வரை படிச்சுட்டுக் கல்லூரி போற பொண்ணுங்களுக்கு 2022-ல இருந்து புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல இருந்து தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய் அவங்க கணக்குக்கே வருது. நல்ல வாய்ப்பு. ஆனா எங்க தெருவுல பாதி வீட்ல ஏடிஎம் கார்டு அப்பா சட்டைப்பையில இருக்கு.

என் பொண்ணுக்கும் இப்ப அந்த 1,000 வருது. கார்டு அவகிட்டதான். மோட்டாருக்கு எடுத்த 9,000-ஐ ரெண்டு வருஷம் கழிச்சுக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டா, ஒண்ணும் பேசலை. மாசம் 300 ஆர்.டி. கட்டுறாளாம். அவங்க அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்கிட்ட இன்னும் சொல்லலை. நானும் கேட்கலை.

சேலையூர் அம்மா, உங்க பையனைத் தாராளமா அனுப்புங்க. பம்புசெட்ல குளிக்கட்டும், நுங்கு சாப்பிடட்டும். பஸ் செலவுக்கு மட்டும் அவன் காசையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க.